வயலும் கடலும்: சொந்தம் எனப்படுவது யாது?

மனிதனுக்குத் தாய் ஒருத்தியே. ஆதலால் தாய்மண்ணும் ஒன்றே என்று கொள்வது நம்மவரிடையே பெருவழக்கு. அரசாங்கப் படிவங்களிலும் 'சொந்த இடம்' என்பதற்கு ஒரேயொரு கோடுதான் விடப்பட்டிருக்கின்றது. அக்கோட்டின்மேல் இரண்டு ஊர்ப் பெயர்களை எழுதி நீட்டுபவனை எழுதுவினைஞர் ஐயத்தோடு நிமிர்ந்து பார்ப்பார். இரண்டிடத்தில் வேர்விட்டவன் ஓரிடத்திலும் ஊன்றாதவன் என்ற எண்ணம் அத்துணை ஆழமாகப் படிந்துள்ளது. 'ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்' என்று பழமொழியும் அத்தகையோனை எள்ளி நகையாடுகின்றது.

இவ்வெண்ணம் சரியானதா? ஒன்றோடொன்று சற்றும் ஒவ்வாத இரண்டு இயற்கைச் சூழல்களை, இரண்டையுமே முழுமையாகத் தன்னுடையன என்று ஒருவன் உணர முடியுமா? முடியுமெனின் அவ்வுணர்வு எதனால் விளைகின்றது? இவை சாய்வு நாற்காலியில் இருந்தவாறு பொழுதுபோக்காக எழுப்பத்தக்க வினாக்கள் என்று தோன்றலாம். ஆனால், இவற்றுக்கு அளிக்கப்படும் விடையைப் பொறுத்தே காணி உறுதிகள் எழுதப்படுகின்றன. நிவாரண வீடுகள் பங்கிடப்படுகின்றன. சில வேளைகளில் உயிர்களும் பறிக்கப்படுகின்றன. ஆதலின் இவ்வினாவை வானத்திலிருந்து இறக்கி மண்ணிலே வைத்து ஆராய்தல் தகும். அதற்கு இலங்கையின் கிழக்குக் கரையில், அம்பாறை மாவட்டத்தில், கல்முனையை நடுவாகக் கொண்ட கரையோரத்தைக் காட்டிலும் பொருத்தமானதோர் இடம் கிடைப்பது அரிது.

பெரியநீலாவணையில் தொடங்கி மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் ஒன்றையடுத்து ஒன்றாகக் கோத்த மணிகள்போல் கடலோரம் நெடுகக் கிடக்கின்றன. தமிழ் பேசும் முஸ்லிம்களின் ஊர்களும், இந்துத் தமிழர்களின் ஊர்களும் மாறி மாறி வரும். இவ்வூர்கள் அமர்ந்திருப்பது நடந்தே கடக்கத்தக்க ஒரு மணற்றிடர். அதன் கிழக்கே வங்கக் கடல். மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். விடியற்காலையில் வீட்டு வாசலில் நிற்பவனுக்கு ஒரு செவியில் அலையோசையும் மறு செவியில் வயற்பறவைகளின் ஒலியும் விழும். அவன் குடியிருப்பது மணலில், பயிர் செய்வது களியில், குடிப்பது கிணற்று நீர், அஞ்சுவது கடல்நீர்.

இந்த ஊர்ப் பெயர்களைச் சற்றே உற்றுநோக்குவோர் ஒரு வியப்பான மாறாட்டத்தைக் காண்பர். சாய்ந்தமருதும் மருதமுனையும் கடற்கரையிலே உள்ளவை. ஆயின் அவற்றின் பெயரிலே நிற்பது ஆற்றங்கரை மரமாகிய மருது. சம்மாந்துறையோ கடலை விட்டு விலகி வயல்களின் நடுவே இருப்பது. அதன் பெயரிலே நிற்பது துறை. சம்மான் என்னும் தோணி வந்து தங்கிய துறை என்று ஊரார் அதற்குப் பொருள் கூறுவர். நெய்தலில் மருதத்தின் பெயர், மருதத்தில் நெய்தலின் பெயர்! இரு நிலங்களும் தம் பெயர்களைப் பண்டமாற்றுச் செய்துகொண்டனவோ என்று எண்ணத் தோன்றுகின்றது.

பள்ளிக்கூடத்தில் நாம் ஐந்திணையை எவ்வாறு கற்பிக்கின்றோம்? நிலம், தெய்வம், பறை, பண், பூ என்று பெட்டி பெட்டியாகப் பிரித்துக் கரும்பலகையில் எழுதி, மாணவரை நெட்டுருப் பண்ண வைக்கின்றோம். மருதத்தான் உழவன், நெய்தலான் பரதவன், இருவருக்குமிடையே மதில். ஆனால் தொல்காப்பியர் இம்மதிலை எழுப்பியவர் அல்லர். ஒரு திணைக்குரிய ஒழுக்கமும் காலமும் மற்றொன்றிலே விரவி வருதலை அவர் விலக்கவில்லை. நிலங்கள் ஒன்றாகக் கலந்துவிடுவதை மாத்திரமே இல்லையென்று வரையறுத்தார். கடல் கடலாகவும் வயல் வயலாகவும் இருக்கும். அவற்றிலே வாழும் மனிதனின் ஒழுக்கமே ஒன்றுக்குள் ஒன்று புகும். கல்முனைக் கரையின் வாழ்க்கைக்கு இதனினும் சிறந்த உரை எழுதுவது கடினம். இங்கே நிலம் மயங்கவில்லை. மனிதனே இரு நிலத்தானாக நிற்கின்றான்.

அவ்வாறு நிற்பதற்கு இயற்கையே இடமளிக்கின்றது. ஐப்பசி கார்த்திகையில் வாடை வீசத் தொடங்க, கடல் கொந்தளிக்கும், தோணிகள் கரையேறும். அந்த மழையை நம்பியே பெரும்போக வேளாண்மை விதைக்கப்படுகின்றது. மாசி பங்குனியில் வெட்டு முடியக் கடலும் அடங்குகின்றது. கரைவலைக்குக் காலம் பிறக்கின்றது. கடல் கதவடைக்கும்போது வயல் கதவைத் திறக்கின்றது. எல்லா மீனவரும் உழவரல்லர், எல்லா உழவரும் மீனவரல்லர் என்பது உண்மையே. எனினும், தனக்கென ஒரு முழ நிலமோ ஒரு வலையோ இல்லாத ஏழை, கோடையில் வலைக்கயிறு இழுப்பதும், அறுவடைக் காலத்தில் அருவாளோடு மேற்கே போவதும் இக்கரையின் பழைய வழக்கம். இயந்திரங்கள் வந்து வெட்டுக் கூலியைப் பறித்துக்கொண்ட இன்றைய நாளிலும் அவ்வழக்கத்தின் சுவடு முற்றாக அழியவில்லை.

ஒரு சொல்லை மட்டும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். கடற்கரையில் வலையும் கருவாடும் காத்துத் தங்கும் குடிலுக்கு இம்மக்கள் இட்ட பெயர் வாடி. வயல்வெளியில் பயிர் காத்துத் தங்கும் குடிலுக்கும் அதே பெயர்தான். மொழியை ஆக்கியவர்கள் உழைப்பாளிகள் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. உழைக்கச் சென்ற இடத்தில் இரவு தங்கும் நிழலுக்கு, அது மணலில் இருந்தால் என்ன, சேற்றில் இருந்தால் என்ன, ஒரே பெயர் போதும் என்று அவர்கள் கண்டனர்.

ஆயினும் இவ்விரண்டிடங்களும் மனிதனிடம் கேட்பது ஒன்றையல்ல. வயல் முழுவதும் வரம்பு. யாருடைய வரவை எங்கே முடிகின்றது, எந்த வக்கடையை எப்போது வெட்டலாம், யாருக்குப் பின் யாருக்கு நீர் என்பனவெல்லாம் அங்கே தீர்மானிக்கப்பட்டவை. அவற்றைப் பார்ப்பதற்கென்றே வட்டவிதானை என்றொரு பொறுப்பாளன். கடலில் வரம்பில்லை. நேற்று மீன் கிடைத்த இடம் இன்று வெறும் நீர். வயலில் இட்டது நான்கு மாதத்தில் பலன் தரும்; ஆகவே அது பொறுமையைக் கற்பிக்கின்றது. கடல் அன்றன்றே தரும் அல்லது அன்றன்றே மறுக்கும். அது விழிப்பைக் கற்பிக்கின்றது. வயலில் அயலவனோடு வழக்காடலாம். கடலில் அயலவன் கைகொடுக்காவிட்டால் கரைசேர முடியாது. ஒருவனே இரண்டையும் பயில்கின்றானெனின் அவன் பாதி உழவனும் பாதி மீனவனுமாகத் தேய்ந்துபோனவன் அல்லன். இரு முழுக் கல்விகளைப் பெற்றவன்.

மார்செல் மோஸ் என்னும் பிரெஞ்சுச் சமூகவியலாளர், வடதுருவத்து எஸ்கிமோ மக்களைப் பற்றி 1904-05 அளவில் ஓர் ஆய்வு எழுதினார். அம்மக்கள் குளிர்காலத்தில் நெருங்கிய குடியிருப்புகளில் ஒன்றுகூடி, உணவையும் சடங்கையும் பொதுவாக்கி வாழ்கின்றனர். கோடையில் சிறு குடும்பங்களாகப் பிரிந்து வேட்டைக்குச் சென்றுவிடுகின்றனர். இடமும் பருவமும் மாற, அவர்களுடைய சட்டமும் உடைமை முறையும் வழிபாடும் மாறுகின்றன என்று அவர் காட்டினார். ஒரே மக்கள், இரண்டு ஒழுக்கங்கள். இதனால் அம்மக்கள் சிதறிப் போகவில்லை. ஒரு பருவத்தின் குறையை மறு பருவம் நிரப்பியது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்ற நிலை, ஆறும் சேறும் உள்ள நாட்டில் நகைப்புக்குரியதன்று. பிழைப்பதற்கான அறிவு அது.

இனி, 'என்னுடையது' என்ற உணர்வு எதனால் வருகின்றது என்னும் வினாவுக்கு வருவோம். மூன்று விடைகள் வழக்கமாகக் கூறப்படுகின்றன. பிறப்பினால் என்பர் சிலர். உடைமையினால் என்பர் சிலர். உழைப்பினால் என்பர் வேறு சிலர்.

பிறப்பினால் என்பது இக்கரையில் முதலடியிலேயே இடறுகின்றது. கிழக்கிலங்கை முஸ்லிம்களும் தமிழரும் தாய்வழிக் குடி முறையைப் பேணி வருபவர்கள். வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்லும். மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வான். அச்சீதன வீட்டைக் கட்டிக்கொடுப்பதற்காக ஏழைப் பெற்றோர் படும் துன்பம் தனியே எழுதப்பட வேண்டியது. ஆனால், நம் வினாவைப் பொறுத்தவரை, இங்குள்ள ஆண்மக்களிற் பெரும்பாலோர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தாம் பிறக்காத வீட்டிலேயே கழித்து, அதைத் தம் வீடென்றே கருதி மடிகின்றனர் என்பது வெளிப்படை.

கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலையும் எண்ணிப் பாருங்கள். நாகூரில் அடங்கியிருக்கும் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக ஆண்டுதோறும் இங்கே கொடியேற்றம் நிகழ்கின்றது. அப்பெரியாரின் பெயரால் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் தலங்கள் எழுந்துள்ளன. கடலோடிகள் தம் காவலரைச் சென்ற கரைதோறும் குடியேற்றினர். அடக்கத்தலம் நாகூரில்தானே, கல்முனையில் அவருக்கு என்ன உரிமை என்று இக்கரை மக்கள் கேட்கவில்லை. மதச் சடங்குகளைப் பற்றி நமக்குப் பல்வேறு கருத்துகள் இருக்கலாம். ஆனால் ஒருவர் பல கரைகளுக்கு உரியவராகலாம் என்னும் எண்ணத்தைப் பாமர மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்றுள்ளனர் என்பதை இது காட்டுகின்றது.

உடைமையினால் என்பதோ? ஒரு வட்டையிலே பல ஏக்கருக்குச் சொந்தக்காரராகிய போடியார் நகரத்துக் கல்வீட்டில் வாழ்வார். அவருக்காக வயலைப் பார்க்கும் முல்லைக்காரனுக்கு அவ்வயலில் ஒரு சாண் நிலமும் கிடையாது. ஆனால் எந்த மூலையில் நீர் தேங்கும், எந்த வரம்பில் நண்டு துளைக்கும், எந்த இரவில் காட்டுப்பன்றி இறங்கும் என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். நள்ளிரவில் மழை இடித்துப் பெய்தால் அவன்தான் பாயைவிட்டு எழுகின்றான். அவ்வயல் யாருக்கு வீடு? உறுதிப் பத்திரம் ஒருவரைக் காட்டுகின்றது. பாதத்தின் சுவடு மற்றவரைக் காட்டுகின்றது.

ஆகவே உழைப்பினால் என்பதே சரியான விடைபோல் தோன்றுகின்றது. அதுவும் பாதி உண்மையே. 1844ஆம் ஆண்டில் எழுதப்பட்டு 1932இல் அச்சேறிய கையெழுத்துப்படிகளில் கார்ல் மார்க்ஸ், இயற்கையை மனிதனின் உடலின் நீட்சியாகவே காண்கின்றார். அதே ஏடுகளில் அவர் மற்றொன்றையும் சொல்கின்றார். தன் உழைப்பின் பலன் தன்னிடமிருந்து பறிக்கப்படும் தொழிலாளி, வேலை செய்யாதபோதுதான் வீட்டிலிருப்பதாக உணர்கின்றான். வேலை செய்யும்போது வீட்டிலிருப்பதாக உணர்வதில்லை. இது ஆலைத் தொழிலாளியைப் பற்றிச் சொல்லப்பட்டது. ஆனால் விடியுமுன் கரைவலைக் கயிற்றைத் தோளில் மாட்டிப் பின்னோக்கி நடப்பவனுக்கும் இது பொருந்தாதா? வலைக்கும் தோணிக்கும் முதலிட்டவர் தம் பங்கை எடுத்தபின் எஞ்சியதைப் பலரும் பகிர்ந்துகொள்ளும்போது, கடல் அவனுக்குத் தாயாகத் தோன்றுமா, கடன்காரனாகத் தோன்றுமா?

எனவே உழைப்பு இடத்தோடு நம்மைப் பிணைக்கின்றது. ஆனால் நீதியற்ற உழைப்பு அப்பிணைப்பைத் தளையாக்குகின்றது. ஓரிடம் ஒருவனுக்குச் சொந்தமாவதற்கு மூன்று வேண்டும். அவ்விடத்தின் இயல்பை அவன் தன் கையாலும் காலாலும் அறிந்திருத்தல் வேண்டும். அதன் பலனிலும் அதைப் பற்றிய முடிவுகளிலும் அவனுக்குப் பங்கு இருத்தல் வேண்டும். அங்குள்ள ஏனையோர் அவனை அவ்விடத்தவன் என ஏற்றல் வேண்டும். இம்மூன்றும் இருக்குமாயின் இரண்டு இடங்கள் அல்ல, மூன்று இடங்களும் ஒருவனுக்குச் சொந்தமாகலாம். இவற்றுள் ஒன்று குறையினும் பிறந்த மண்ணே அந்நியமாகும். ஆலைத் தொழிலாளியாகவும் வேலை செய்து பார்த்த சிமோன் வெய் என்னும் பிரெஞ்சுச் சிந்தனையாளர், வேரூன்றுதல் பற்றி 1943இல் எழுதிய நூலில், ஒவ்வொரு மனிதனுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட வேர்கள் தேவை என்ற கருத்தை வற்புறுத்தியதும் இங்கு நினைக்கத்தக்கது.

இக்கருத்தை இரண்டு பெரும் சோதனைகளில் வைத்துப் பார்ப்போம்.

முதற் சோதனை 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை. இலங்கையில் மடிந்த 30,000க்கும் மேற்பட்டோருள் 10,000க்கும் மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தவர். வேறெந்த மாவட்டமும் இத்துணை உயிர்களை இழக்கவில்லை. அன்று கடல் துரத்த மக்கள் ஓடியது மேற்கே, வயலை நோக்கி. அதன் பின், கிழக்கிலும் வடக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் யாரும் வீடு கட்டலாகாது என்று அரசு விதித்தது. தெற்கிலும் மேற்கிலும் அவ்வெல்லை 100 மீற்றர். பின்னர் இவ்விதி தளர்த்தப்பட்டது. எனினும் அதற்குள் பல குடும்பங்கள் மேற்கே அனுப்பப்பட்டன. சாய்ந்தமருதில் வெனிசுவேலா நாட்டு உதவியால் எழுந்த வொலிவேரியன் கிராமம் போன்றவை வயற்பக்கத்தில் நிரப்பிய நிலத்தில் அமைந்தன. அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியால் கட்டப்பட்ட 500 வீடுகளோ, யாருக்கு எந்த விகிதத்தில் என்ற வழக்கில் சிக்கிப் பல்லாண்டுகள் ஆளின்றிக் கிடந்தன.

உயிரைக் காக்க உள்ளே போ என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் அச்சொல்லுக்குப் பின்னே ஒரு தருக்கம் ஒளிந்திருந்தது. 'உங்களுக்குத்தான் வயற்பக்கமும் பழக்கமாயிற்றே; அங்கே போய் இருங்கள்' என்னும் தருக்கம் அது. இங்கேதான் நம் வினாவின் கூர்முனை உள்ளது. இரண்டு இடங்கள் ஒருவனுக்குச் சொந்தம் என்பதால் ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகுமா? மனிதனுக்குக் கண்கள் இரண்டு. ஒன்றைப் பறித்துவிட்டு மற்றொன்று இருக்கின்றதே என்று ஆறுதல் கூறுவாரை நாம் என்னென்போம்? கடலோரத்துக் குடும்பத்தை வயலோரத்துக்கு அனுப்பும்போது கூரை மட்டும் மாறுவதில்லை. இரவில் வலைக்கும் தோணிக்கும் காவல் இல்லாமற் போகின்றது. காற்றின் திசையை வாசலில் நின்றே அறியும் வாய்ப்புப் போகின்றது. அதிகாலை மீனுக்குப் போய்வரும் செலவு கூலியைத் தின்கின்றது. வயலோ, நிரப்பப்பட்டுவிட்டதால், இனி வயலுமன்று. மழைநீர் தங்கி வடிந்த இடத்தை மண்ணிட்டு மூடினால் அந்நீர் வேறெங்கோ ஒரு வீட்டுக்குள் நுழையத்தானே செய்யும்? ஒரு சொந்தத்தைப் பறித்ததோடு, மற்றச் சொந்தத்தையும் கெடுத்த கதை இது.

இன்னுமொன்று. இழந்த வீடுகளிற் பல பெண்களின் பெயரிலிருந்த சீதன வீடுகள். புதிய வீடுகளுக்கான படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்ற சொல் இருந்தது. பல இடங்களில் உரிமை ஆணின் பெயரில் எழுதப்பட்டது. கடல் கொண்டுபோனது சுவர்களை. படிவம் கொண்டுபோனது, தலைமுறை தலைமுறையாகப் பெண்ணின் காலடியில் இருந்த ஒரே உறுதியான நிலத்தை. இயற்கையின் கொடுமைக்கு யாரையும் நொந்துகொள்ள முடியாது. எழுதுகோலின் கொடுமைக்கு நொந்துகொள்ள இயலும், திருத்தவும் இயலும்.

இரண்டாம் சோதனை மனிதர் மூட்டிய நெருப்பு. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டு, இங்கினியாகலையில் அணை எழுந்து, உள்நாட்டில் பெருங் குடியேற்றம் தொடங்கியது. மலைநாட்டு ஊர்களிலிருந்து நிலமற்ற சிங்கள ஏழைகள் பலர் கொண்டுவரப்பட்டனர். 1956ஆம் ஆண்டு சூன் மாதத்தில், சிங்களம் மட்டும் சட்டத்தையொட்டி அப்பள்ளத்தாக்கிலே தமிழர் பலர் கொல்லப்பட்டனர். 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. பின்னர் வந்த போர் ஆண்டுகளில் கரையோர முஸ்லிம்கள் பலர் தம் உள்நாட்டு வயல்களை எட்ட முடியாமல், மணற்றிடருக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தனர். 1990 ஆகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில் சம்மாந்துறையை அடுத்த வீரமுனையில், கோயிலில் தஞ்சம் புகுந்த தமிழர்கள் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வீடுவாசலை விட்டு விரட்டப்பட்டனர். இவை யாவற்றுக்கும் பின்னே ஒரே வாக்கியம் ஒலித்தது: 'இது உன் இடமன்று, உன் இடம் வேறெங்கோ இருக்கின்றது.'

ஒருவனுக்கு ஓரிடமே சொந்தம் என்னும் கொள்கை, கேட்பதற்கு மண்பற்றுப் போல் இனிக்கின்றது. ஆனால் அதன் மறுபக்கம் இதுதான். ஒருவனை ஓரிடத்துக்குரியவன் என்று முத்திரையிட்டபின், ஏனைய இடங்களிலிருந்து அவனை விரட்டுவது எளிதாகின்றது.

இங்கே நாம் நேர்மையாக ஒரு கேள்வியை எதிர்கொள்ளல் வேண்டும். நாம் கூறிய இலக்கணம் கல்லோயாவில் குடியேறியவனுக்கும் பொருந்துமா? எழுபது ஆண்டுகளுக்கு மேலாயின. அங்கே பேரப்பிள்ளைகள் பிறந்து வளர்ந்துவிட்டனர். மூதாதையரின் மலையூரும் இவ்வயலும் அவர்களுக்கு இரண்டு வீடுகள். பொருந்தும் என்றே சொல்லுதல் வேண்டும். நமக்கு வசதியான இடத்தில் மட்டும் செல்லுபடியாகும் நீதி, நீதியென்னும் பெயருக்குரியதன்று. குடியேற்றத்தை ஓர் இனத்தின் தொகையைக் கூட்டி மற்றோர் இனத்தின் குரலைக் குறைக்கும் கருவியாக ஆள்வோர் பயன்படுத்தியதைக் கண்டிப்பது வேறு. கையில் மண்வெட்டியோடு வந்த நிலமற்ற ஏழையை அந்நியன் என்பது வேறு. முன்னதை நாம் எதிர்த்தே ஆகவேண்டும். பின்னதைச் செய்தால், நம்மை நோக்கிச் சொல்லப்பட்ட அதே வாக்கியத்தை நாமே திருப்பிச் சொன்னவர்களாவோம்.

இவ்விருவரும் ஒரே நீரில் கூடிய ஒரு நிகழ்ச்சியும் உண்டு. கல்லோயாவின் இடதுகரை வாய்க்கால்கள் பழுதுற்று, கடைமடைக்கு நீர் எட்டாத நிலை ஏற்பட்டிருந்தது. மேல்மடையில் பெரும்பாலோர் சிங்களவர். கடைமடையில் தமிழ் பேசுவோர் பலர். 1980களின் தொடக்கத்தில் அங்கே விவசாயிகள் சிறுசிறு குழுக்களாக அமைப்புற்றனர். குளத்தில் நீர் மிகக் குறைந்திருந்த 1981ஆம் ஆண்டிலேயே மேல்மடை விவசாயிகள் முறைவைத்து நீரை மிச்சப்படுத்திக் கீழ்மடைக்கு விட்டனர். அத்திட்டத்தில் பங்குகொண்ட நோர்மன் அப்ஹொஃப் என்னும் அமெரிக்க அறிஞர் இதைத் தம் நூலில் விரிவாக எழுதியுள்ளார். மேடைப்பேச்சினால் வராத ஒற்றுமை வக்கடை திறந்தபோது வந்தது. 'நீயும் இவ்விடத்தவன்' என்பதை ஒருவன் மற்றவனுக்குச் சொல்லக்கூடிய மிகத் தெளிவான மொழி, தன் வயலுக்கு வந்த நீரில் ஒரு பகுதியை அவன் வயலுக்கு விடுவதுதான்.

இரு நிலத்தான் தன் கடமையிலிருந்து நழுவிவிடுவான், ஓரிடம் கெட்டால் மற்றோரிடம் இருக்கின்றது என்று அலட்சியமாயிருப்பான் என்று ஐயுறுவோரும் உளர். முதல் போட்டு இலாபம் தேடுவோனுக்கு அது பொருந்தும்; இரண்டிடத்திலும் கைகாலால் உழைப்போனுக்குப் பொருந்தாது. ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. கடலின் மணலோட்டத்தை அதன் கற்சுவர்கள் தடுத்ததால் வடக்கேயுள்ள கரையைக் கடல் அரித்துத் தின்னத் தொடங்கியது; தென்னந்தோப்புகள் சரிந்தன. மணல் வந்து அடைத்ததால் துறைமுகமே பயனற்றுப் போயிற்று. கடலை மட்டும் அறிந்தவன் இதனைக் கடலின் சீற்றம் என்பான். நிலத்தை மட்டும் அறிந்தவன் நிலத்தின் நட்டம் என்பான். இரண்டையும் அறிந்தவனே ஒன்றின் காயம் மற்றொன்றில் எங்கே புண்ணாகும் என்று முன்கூட்டியே சுட்டிக்காட்ட வல்லவன். அவனிடம் கேட்காமல் வரைபடம் தீட்டியதன் விலையை அக்கரை இன்றும் செலுத்திக்கொண்டிருக்கின்றது.

ஆகவே, முடிவாக நாம் சொல்லக்கூடியது இது. மனிதனுக்கு இரண்டு இடங்கள் முழுமையாகச் சொந்தமாக முடியும். அவை எத்துணை வேறுபட்டனவோ அத்துணை அவனுடைய அறிவும் பொறுப்பும் விரியும். அச்சொந்தத்தைத் தருவது குருதியுமன்று, பத்திரமுமன்று. அறிந்து உழைத்தலும், பலனிலும் முடிவிலும் பங்கு பெறுதலும், அயலாரால் ஏற்கப்படுதலுமே அதைத் தருகின்றன. அதனால்தான், இப்பிரச்சினை தனிமனிதரின் மனவுணர்வோடு முடிந்துவிடுவதில்லை. முல்லைக்காரனுக்கு நிலத்தில் உரிமையும், கயிறு இழுப்பவனுக்கு வலையில் நியாயமான பங்கும், பெண்ணுக்கு அவள் வீட்டின் உறுதியும், கடைமடைக்கு நீரும் கிடைக்கும் வரையில், சொந்தம் என்பது பலருக்கு வெறும் ஏக்கமாகவே எஞ்சியிருக்கும்.

ஆசிரியராயிருப்போர் அடுத்த முறை ஐந்திணைப் பாடம் நடத்தும்போது, கரும்பலகையில் பெட்டிகளைப் போட்டு முடித்ததும், வகுப்பிலுள்ள பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: உங்கள் வீட்டில் எத்தனை திணைகளில் உழைக்கின்றார்கள்? அவர்கள் உழைக்கும் இடங்களில் எந்த எந்த இடத்தைப் பற்றி அவர்களிடம் கருத்துக் கேட்கப்படுகின்றது? முதற் கேள்விக்குக் கிடைக்கும் எண்ணுக்கும் இரண்டாவதற்குக் கிடைக்கும் எண்ணுக்கும் உள்ள வேற்றுமையைப் பிள்ளைகளே கணக்கிடட்டும். அவ்வேற்றுமையைக் குறைப்பதே நம் காலத்தின் வேலை.